ஸ்கோப் பற்றி மட்டும்

தம்பி,

நேற்று நீ ரெலிபோனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அப்பா, வேட்டைக்கு நோர்த்துக்குப் போக முதல் முடிவெடுக்கவேணும். என்ர துவக்கில பூட்டின அந்த ஸ்கோப்பை வைச்சிருக்கவோ, வித்துப்போடவோ? நீங்களும் அதுக்குள்ளால பார்த்தனீங்கள்தானே. ஸ்கோப் பற்றி மட்டும் சொல்லுங்கோ, வேற ஒண்டும் வேண்டாம்" என்றாய். நான் "ம்ம், பிறகு சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் அம்மா போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். "என்னவாம் பெடியன்?" என்று கேட்டார். "அங்க சரியான குளிராம்" என்றேன். நீ இன்னும் பக்கத்து ஒஷாவாவில்தான் இருக்கிறாய் என்பதுகூட அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை. அம்மா கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழும்பிப் போய்விட்டேன்.

இதை கராஜுக்குள் காரில் இருந்து எழுதுகிறேன். கார் எங்கும் போகவில்லை. ஹைவேயில் ஓட்டுவதை நான் விட்ட பிறகு இந்தக் கார் எனக்கு ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கும்போது பெரிய வீடு, அமைதியான இடம் என்று எல்லோரும் சொன்னார்கள். அமைதிக்கு ஒரு குறையும் இல்லை. நடந்துபோய் ஒரு பாண் வாங்கவும் வழியில்லை. நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போவாய், அதுதான் எங்களுக்கு வெளியுலகம். இப்போது அதுவும் இல்லை. நானும் அம்மாவும் இந்த வீட்டுக்குள் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி வருகிறோம். கராஜ் கதவு கொஞ்சம் கிறீச்சிட்டாலும் குசினிக்குள் இருந்து "ஆர் உது?" என்று குரல் வரும். இருப்பதே இரண்டு பேர், இதற்குள் வேறு ஆர் வரப்போகிறார்கள்? ஆனாலும் கேட்பார். "நான்தான்" என்று சொல்லும்வரைக்கும் விடமாட்டார். உனக்கும் அது தெரியும், பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் அதைத்தான் நீ சொல்லுவாய்.

சரி, ஸ்கோப்புக்கு வருகிறேன். நீ கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு அப்பா கதையை மாற்றிவிட்டார் என்று சொல்லாதே. அந்தச் சாமான் நல்ல சாமான். ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே அந்தச் சுடுதளத்துக்கு நீ என்னைக் கூட்டிக்கொண்டு போன அன்றைக்கு, எனக்குக் கண்புரை எடுத்து அதிக காலம் ஆகவில்லை. "அப்பா, உங்கட கண் இப்ப பிராண்ட் நியூ. என்ர கண்ணை விட நீங்கள்தான் சரியான ரெஸ்ரர்" என்று நக்கலடித்தாய். எனக்குத் துவக்கு என்றாலே ஆகாது என்று உனக்குத் தெரியும். இருந்தும் வந்தேன், ஏனென்றால் நீ கேட்டாய், நீ என்னிடம் எதையும் கேட்டு எவ்வளவு காலம்! வாங்குமேசையில் ரவை இல்லாத துவக்கை வைத்து, என் தோளைப் பிடித்து இருத்தி, "கண்ணைக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ, கொஞ்சம் பின்னுக்கு, பின்னுக்கு, ஆ, உவ்வளவுதான்" என்றாய். ஸ்கோப்பில் பெரிதாக்குகிற அந்த வளையத்தை நீ திருகத் திருக, தூரத்தில் தபால் முத்திரை அளவில் நின்ற கடதாசி வந்து என் மூக்குக்கு முன்னால் நின்றது. கடதாசியில் ஒரு இலையான் ஈ இருந்தது. அது முன்கால்களைத் தேய்ப்பதுகூடத் தெரிந்தது, தம்பி! நான் சின்னப்பிள்ளைபோலச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகவே அந்தக் கண்ணாடிக்கு நான் முழுப் புள்ளி போடுவேன்.

வில்லை சுத்தமானது, ஓரத்தில் நீலம், ஊதா என்று நிறம் சிதறவில்லை. மேலேயும் பக்கத்திலேயும் உள்ள குமிழ்களைத் திருகினால் ஒவ்வொரு கிளிக்கும் விரலில் தெளிவாகத் தெரிகிறது. நீ குறியை ஒரு பெட்டி மாதிரி நாலு பக்கமும் நகர்த்தித் திரும்பவும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து சுட்டாய், ரவை பழைய ஓட்டைக்குப் பக்கத்திலேயே விழுந்தது. அது பெரிய விஷயம் என்று நீ சொன்னாய், நம்புகிறேன். பாரம்தான் கொஞ்சம் அதிகம், பற்றைக்குள் நாள் முழுக்கத் தூக்கித் திரிகிறவனுக்குத் தோள் கேட்கும். இனிக் குறைகள். இருபத்தைந்து மடங்கில் வைத்தால் உன் மூச்சும் இருபத்தைந்து மடங்கு ஆகிறது. நாடி துடிக்கிறபோதெல்லாம் அந்தச் சிலுவைக்கோடு துள்ளுகிறது. கண் ஒரு மயிரளவு விலகினால் கறுப்பு வளையம் வந்து மூடிவிடுகிறது. பொழுது படுகிற நேரத்தில், ஆகப் பெரிசாக வைத்தால் ஆக இருட்டாகத் தெரிகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரு கதவின் அகலத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன, ஒன்றும் தெரியாது. தெரிகிற துண்டு அவ்வளவு துப்புரவாகத் தெரிவதால், முழுவதும் தெரிகிறது என்று மனம் நம்பிவிடுகிறது. உன் வேட்டைக் குழுவுக்கு நீ ஆங்கிலத்தில் எழுதிப் போட்ட மதிப்பீட்டில் இது இல்லை. நானும் கூகிளில் போட்டுத் தமிழாக்கி வாசித்துப் பார்த்தேன்.

இதோடு நிறுத்தச் சொன்னால் நிறுத்தலாம். ஆனால் அந்தக் கண்ணாடியை நான் இரண்டாம் தரம் பார்த்தது நவம்பரில், உன் சிநேகிதனின் பண்ணையில். அதை விட்டுவிட்டு மதிப்பீடு எழுதினால் அது கடைக்காரன் எழுதுகிற விளம்பரம்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது என் வேலை. "நான் தனிய இந்த வீட்டில இருந்து என்ன செய்யிறது? நீங்கள் மானைப் பிடிக்கிறதைப் பிடியுங்கோ, நான் அந்தப் பண்ணை வீட்டில இருந்து சமைச்சு வைக்கிறன்" என்று அவர் சொன்னார். நீ சம்மதித்தாய், ஆனால் பண்ணை வீட்டு வாசலில் வைத்துக் கண்டிப்பாகச் சொன்னாய்: "அம்மா, வெளிய வாறதெண்டா உந்த ஒறேஞ் வெஸ்ற்றைப் போட்டுக்கொண்டுதான் வரவேணும். போட்டால்தான் தூரத்தில ஆள் எண்டு தெரியும், போடாமல் கால் எடுத்து வைக்கக்கூடாது." அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "உதைப் போட்டுக்கொண்டு றோட்டு வேலைக்குப் போகவோ?" என்று கேட்டார். நாங்கள் சிரித்துக்கொண்டே போய், வெளியின் ஓரத்தில் மறைந்திருக்கப் போட்டிருந்த கூடாரத்துக்குள் புகுந்தோம்.

கூடாரம் என்கிறாய், எனக்கு அது துணியால் தைத்த பெட்டி. இரண்டு கதிரை போட்டால் முழங்கால் மடக்க இடமில்லை. இருமக்கூடாது, காலை நீட்டக்கூடாது, மூக்கை உறிஞ்சக்கூடாது. நீ முன்னால் இருந்த துவாரத்தால் துவக்கை நீட்டி, கண்ணைக் கண்ணாடியில் வைத்தபடி மணிக்கணக்காக இருந்தாய். நான் உனக்கு இடப்பக்கம், உன் தோளுக்கு மேலால் எனக்கு உன் வலப்பக்கத்து ஜன்னல் துண்டு தெரிந்தது. பொழுது மங்கத் தொடங்கியது. அப்போதுதான் அந்த ஜன்னலுக்கு வெளியே, நீ கையை நீட்டினால் தொடலாம் என்கிற மாதிரி, ஒரு பெண்மான் வந்து நின்றது. சத்தமே இல்லை. அதன் காது ஆடியது. உன் காதுக்குள் மெல்லமாகச் சொன்னேன்: "உதில நிக்குது."

நீ கண்ணை எடுக்காமல் "எங்க?" என்றாய்.

"உதிலதான், உதில."

நான் சொன்னது உனக்குப் பக்கத்தில். ஊரில் வளர்ந்தவன் எவனுக்கும் உதில என்றால் கேட்கிறவனின் பக்கம்தான். நீ வளர்ந்தது ஸ்காபரோவில், உனக்கு அது, உது எல்லாம் ஒன்றுதான். நீ பார்த்துக்கொண்டிருக்கிற அந்தக் கதவகலத்துக்குள் நிற்கிறது என்று அப்பா சொல்லுகிறார் என்று நீ எடுத்துக்கொண்டாய். உன் கண்ணாடிக்குள் அப்போது, வெளியின் மறு கரையில், சீடர் மரங்களுக்குப் பின்னால், மண்ணிறமாக ஒரு முதுகும் அதன் நுனியில் வெள்ளை மயிரும் தெரிந்துகொண்டிருந்தன. மானோ இல்லையோ என்று நீ அதுவரை சந்தேகத்தோடுதான் இருந்திருக்கிறாய், பிறகு நீயே சொன்னாய். உன் சந்தேகத்தைத் தீர்த்தது என் வாய்.

துவக்கின் பாதுகாப்புப் பூட்டை நீ தள்ளுகிற அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. மான் இங்கே நிற்கிறது, இவன் குழலை ஏன் திருப்பவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் குழல் பார்க்கிற திசையில் என் வெறுங்கண்ணால் பார்த்தேன். அவ்வளவு தூரத்தில் எனக்கு முகமோ உடுப்போ தெரியவில்லை. தெரிந்தது ஒரு மஞ்சள் பை. ஜெராட் வீதிப் புடைவைக் கடையில் தந்த பை, அம்மா அதை எறியவே மாட்டார். நான் கத்தவில்லை தம்பி. கையைக் கொண்டுபோய் உன் ஸ்கோப்பின் முன் வாயைப் பொத்தினேன்.

"அப்பா! வட் ஆர் யூ டூயிங்? கையை எடுங்கோ!" என்று நீ சீறினாய். பக்கத்தில் நின்ற மான் பாய்ந்து ஓடியது. உன் பார்வை அதற்குப் போனது, பிறகு என் முகத்துக்கு வந்தது. அந்த நேரம் வெளியின் மறு கரையில் இருந்து குரல் வந்தது: "எங்க நிக்கிறியள் ரெண்டு பேரும்? தேத்தண்ணி ஆறப்போகுது!"

காலுறையில் ஒட்டிய முள்ளுகளைப் பிடுங்கத்தான் அவர் அங்கே குனிந்து நின்றிருக்கிறார். உன்னுடைய பழைய மண்ணிறக் குளிர்ச்சட்டை, தலைத்தொப்பியின் ஓரத்தில் வெள்ளை ரோமம். நீ தந்த செம்மஞ்சள் அங்கி எங்கே? நான்தான் கேட்டேன். "உதுக்குள்ளதான் கிடக்கு" என்று அம்மா மஞ்சள் பையைத் திறந்தார். சுடுதண்ணிப் போத்தலை அந்த அங்கியால் சுற்றுச் சுற்றென்று சுற்றி வைத்திருந்தார். "சூடு போகாமல் இருக்கட்டும் எண்டு சுத்தினனான். நல்ல மொத்தத் துணி" என்றார், பெருமையோடு. நீ ரவையைக் கழற்ற முயன்று முடியாமல், கழற்றி, கீழே விழுத்தி, தேடி எடுத்தாய். அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அந்தத் துணிப் பெட்டிக்குள் மூன்று பேர். வெளியே ஓடவும் வழியில்லை, அழவும் வழியில்லை. "ஏன் ரெண்டு பேரும் கோப்பையை உப்பிடி இறுக்கிப் பிடிக்கிறியள்? உவ்வளவு குளிரே?" என்று கேட்டார். "ஓம்" என்றோம். அந்தத் தேத்தண்ணியை நாங்கள் குடித்து முடித்தோம்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். அம்மா இதை ஒரு பகிடிக் கதை ஆக்கிவிட்டார். பிக்கரிங்கில் உன் சித்தப்பா வீட்டுப் பிறந்தநாளுக்கு எங்களை ஆரோ ஏற்றிக்கொண்டு போக, அங்கே சபை முழுக்கக் கேட்கச் சொன்னார்: "நான் தேத்தண்ணி கொண்டு போனதால தகப்பனுக்கும் மகனுக்கும் மான் தவறிப்போச்சாம். ரெண்டு பேரும் மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருந்தவை பாருங்கோ, அய்யோ!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார். கோயிலில் சொன்னார், சிரித்தேன். ரெலிபோனில் ஒஸ்ரேலியாவுக்குச் சொன்னார், பக்கத்தில் இருந்து சிரித்தேன். ஒவ்வொரு தரமும் என் உள்ளங்கை குளிர்கிறது, அந்த வில்லையின் குளிர். நீ பொங்கலுக்கும் வரவில்லை. வேலை, வேலை என்கிறாய். "மானுக்காக இவ்வளவு நாள் கோவமே?" என்று அம்மா கேட்கிறார். உன்னைப் பார்க்காமல் அவர் வாடுகிறார், நீ ஏன் வரவில்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு தரம் நீ இதைப் பற்றிப் பேசினாய், இதே கராஜில் நின்று. "நீங்கதானே அப்பா உதில எண்டு சொன்னனீங்கள்" என்றாய். "உதில எண்டால் உனக்குப் பக்கத்தில எண்டு தெரியாதோ? விசரா!" என்று நான் கத்தினேன். "எனக்கு எப்படித் தெரியும்? ஆர் எனக்குச் சொல்லித் தந்தது?" என்று நீயும் கத்தினாய். உள்ளே இருந்து "ஆர் உது கத்துறது?" என்று குரல் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் பொத்திக்கொண்டோம். அந்தச் சண்டையை அன்றைக்கு முடித்திருக்கலாம். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு யாருடைய பிழை என்று நானும் நீயும் இழுபடுகிறோம், உண்மையில் இரண்டு பேருக்கும் பயம். நீ உன் கையைப் பார்த்துப் பயப்படுகிறாய். நான் உன்னை நினைத்துப் பயப்படுகிறேன். அந்த வெறும் காட்டில், கையால் பொத்த ஒருவரும் இல்லாமல், அதே கண்ணாடியோடு நீ தனிய இருக்கப்போகிறாயே என்று.

அந்தக் குழாயின் மறு முனையை எனக்குத் தெரியும், தம்பி. உனக்கு இதை நான் சொன்னதில்லை, சொல்லுகிற மாதிரி ஒரு சந்தர்ப்பம் வரவில்லை. கலியாணம் முடித்த புதிதில், ஊரில் சண்டைக் காலம், கூட்டுறவுச் சங்கக்கடையில் எனக்கு வேலை. போகிற வழியில் ஆமிக்காரரின் காவல் சென்றி ஒன்று இருந்தது, மண்மூட்டை அடுக்கி, உயரத்தில் ஒருவன். வெட்டவெளி றோட்டு. தூரத்திலேயே சைக்கிளால் இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும். அவனிடம் கண்ணாடி பூட்டிய துவக்கு இருந்தது, வெயிலில் அது மினுங்கும்போது தெரியும். ஒருநாள் அம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சல் கரியரால் நழுவி றோட்டில் விழுந்தது. குனிந்து எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. குனிந்தால் நான் எதற்குக் குனிகிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? என் சட்டைப் பொத்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும், என் கழுத்து வேர்வைகூடத் தெரிந்திருக்கும். சோற்றுப் பார்சல் தெரிந்திருக்காது. அதை விட்டுவிட்டு நடந்தேன், அன்று பசி. அம்மாவின் சாப்பாடும் அப்படி ஒரு கண்ணாடியும் என் வாழ்க்கையில் இரண்டு தரம் ஒரே வெளியில் சந்தித்துவிட்டன. இரண்டாம் தரம் அம்மா பயமில்லாமல் குனிந்தார். பயமில்லாமல் குனியத்தானே இந்த நாட்டுக்கு வந்தோம்.

உன்னை அந்தச் சென்றிக்காரனோடு ஒப்பிடுகிறேன் என்று நினைத்து மனம் நோகாதே. நீ நல்லவன். அன்று நீ பயந்த பயம் எனக்குத் தெரியும். வேட்டையை விடு என்றும் சொல்லமாட்டேன், பிடித்த ஒன்றை விட்டுவிட்டு நீ சும்மா இருந்து வெந்துகொண்டிருப்பாய், அது எனக்கு வேண்டாம். உன் கேள்விக்கு என் முடிவு: விற்காதே. அதை விற்றால் பிழை கண்ணாடியோடு போய்விட்டது என்று நீ நினைப்பாய், வேறொன்றை வாங்குவாய். வைத்துக்கொள், ஆனால் அது தேடுகிற கண் இல்லை. முதலில் வெறுங்கண்ணால் முழு வெளியையும் பார். பிறகு கழுத்தில் ஒரு பைனாகுலரைத் தொங்கவிட்டு அதால் பார், அதில் குழல் இல்லை. இன்னதுதான் என்று நிச்சயமான பிறகுதான் துவக்கைத் தூக்கு, அப்போதும் வளையம் ஆகக் குறைந்த இடத்தில் இருக்கட்டும். தலையும் காலும் வாலும் சேர்த்து முழு மிருகமாகத் தெரியாததை நோக்கி அந்தப் பூட்டைத் தள்ளாதே. ஸ்கோப் பற்றி மட்டும் கேட்டாய், ஸ்கோப் பற்றி இவ்வளவுதான்.

இனி நான் கேட்கிறது. போக முதல் ஒருதரம் வீட்டுக்கு வா. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவேண்டும் என்றில்லை, அந்தப் பாரத்தை நான் சுமந்துகொள்கிறேன், அவர் பகிடியாகவே சொல்லித் திரியட்டும். நீ முன்கதவைத் திற. திறந்ததும் குசினிக்குள் இருந்து வழக்கமான அந்தக் கேள்வி வரும். நீ சொல்லுகிற பதிலை அவர் கேட்கட்டும், அவர் கேட்பதை நீயும் நின்று கேள். பிறகு உன் காட்டுக்குப் போ. அங்கே மரங்களுக்குப் பின்னால் மண்ணிறமாக எதைக் கண்டாலும், உது என்ன என்று கேட்காதே. அம்மா கேட்கிற மாதிரிக் கேள். "ஆர் உது?" என்று கேட்டுவிட்டு, அங்கிருந்து "நான்தான்" என்று ஒரு குரலும் வராது என்று உனக்கு முழு நிச்சயம் ஆகும்வரை, விரலை விசைக்கு வெளியிலேயே வைத்திரு.

அப்பா